மின்தடையிலும் புயலிலும் மின்சாரக் கார் கைகொடுக்குமா?

கிராமத்துச் சாலைகளில் மின்சார ஸ்கூட்டர்களும் மின்சார லோடு ஆட்டோக்களும் ஓடத் தொடங்கிவிட்டன. மின்சாரக் கார்களும் ஆங்காங்கே தென்படுகின்றன. எரிபொருள் செலவு குறையும் என்பதால் சிறு விவசாயிகளுக்கும் இவற்றின் மீது நாட்டம் ஏற்பட்டுள்ளது. ஆனால், வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நடு இரவில் வீட்டில் ஒருவரைப் பாம்பு கடித்து, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் இல்லை என்றால், இந்த வண்டி நகருமா?"

இது நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமல் பல லட்சம் ரூபாயை முடக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கும்.

மணிக்கணக்கும் நாள்கணக்கும்

மின்தடையை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சில மணி நேரத் தடை. பராமரிப்புப் பணி, டிரான்ஸ்பார்மர் பழுது, மின் பற்றாக்குறை ஆகியவற்றால் இது ஏற்படுகிறது. 2012ஆம் ஆண்டில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது வகை, நாள்கணக்கில் நீடிக்கும் தடை. புயலும் வெள்ளமும் இதற்குக் காரணம்.

முதல் வகைத் தடையால் மின்சாரக் காருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒரு சிறிய கார் மணிக்குச் சுமார் 3 யூனிட் மின்சாரம் எடுக்கும். இதில் கொஞ்சம் சேதாரம் போக மீதி பேட்டரியில் சேரும். இரவில் 4 மணி நேரம் கரண்ட் இருந்தாலே சுமார் 11 யூனிட் ஏறிவிடும். அதைக் கொண்டு 75 கி.மீ. ஓட்டலாம். மணிக்கணக்கான மின்வெட்டு இருந்த காலத்திலும் ஒரு நாளைய தேவைக்கு இது போதும்.

இரண்டாவது வகைதான் சோதனையானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய காலத்தில், வண்டி எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட, புயலுக்கு முந்தின இரவு அதில் எவ்வளவு சார்ஜ் இருந்தது என்பதே முக்கியம்.

யூனிட் கணக்கு

மின்சாரக் காரின் பேட்டரியை வயல்வெளித் தொட்டிக்கு ஒப்பிடலாம். தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது போல, பேட்டரி எத்தனை யூனிட் கொள்ளும் என்று பார்க்க வேண்டும். சிறிய கார்களின் பேட்டரி ஏறத்தாழ 17 முதல் 30 யூனிட் வரை கொள்ளும். லோடு ஆட்டோக்களில் 7 முதல் 11 யூனிட் வரையும், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 2 முதல் 4 யூனிட் வரையும் இருக்கும்.

ஒரு யூனிட்டுக்குச் சிறிய கார் சுமார் 7 கி.மீ. ஓடும். ஸ்கூட்டர் 25 முதல் 35 கி.மீ. ஓடும். ஆள் அதிகம் ஏறினாலும், வேகம் கூடினாலும், ஏ.சி. போட்டாலும், சேற்றுப் பாதையில் ஓட்டினாலும் இது குறையும். விளம்பரத்தில் காணும் கி.மீ. கணக்கு சோதனைக்கூடத்தில் எடுத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பித் திட்டமிடுவது நல்லது.

விதைநெல் இருப்பு

பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் 3 ஏக்கர் நெல்லும் ஒரு ஏக்கர் தென்னையும் வைத்திருக்கும் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்களிடம் 24 யூனிட் பேட்டரி உள்ள கார் இருப்பதாக வைத்துக்கொண்டால், தினமும் டவுனுக்குப் போய்வர 25 கி.மீ. ஆகிறது. இதற்கு மூன்றரை யூனிட் போதும். இரவில் ஒன்றரை மணி நேரம் சார்ஜ் போட்டால் செலவான மின்சாரம் திரும்ப ஏறிவிடும்.

இனி அவசரத் தேவையைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவர்கள் ஊரிலிருந்து 60 கி.மீ. தொலைவில் இருந்தால், போய்ச் சேரச் சுமார் 9 யூனிட் தேவை. மழை, சுற்றுப்பாதை முதலியவற்றுக்காக மேலும் 3 யூனிட் சேர்த்தால் 12 யூனிட் ஆகிறது. இது பேட்டரியில் சரிபாதி.

இந்த 12 யூனிட்டை விதைநெல்லாகக் கருத வேண்டும். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் விவசாயி விதைநெல்லை எடுத்துக் குத்துவதில்லை. அதுபோல, கல்யாணம், சந்தை, கோயில் என்று எந்தக் காரணத்துக்காகவும் இந்த இருப்புக்குக் கீழே இறங்கிய நிலையில் வண்டியை இரவில் நிறுத்தக் கூடாது. சார்ஜ் பாதியைத் தொட்டதும் பிளக்கில் மாட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த இருப்பு வேறுபடும். பெரிய மருத்துவமனைக்கு உள்ள தூரத்தை 7ஆல் வகுத்து, அதனுடன் 3 யூனிட் சேர்த்தால் தேவையான இருப்பு கிடைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பேட்டரியின் கொள்ளளவு குறையும். 24 யூனிட் கொண்ட பேட்டரி 20 யூனிட்டாகக் குறைந்தாலும், மருத்துவமனையின் தூரம் குறையாது. ஆகவே இருப்பைச் சதவீதத்தில் அல்லாமல் யூனிட்டில் கணக்கிட வேண்டும்.

பாம்புக்கடி, மாரடைப்பு, பிரசவம் போன்ற நேரங்களில் எந்த வண்டி வீட்டில் இருந்தாலும் முதலில் 108க்குப் போன் செய்வதே முறை. ஆம்புலன்ஸ் வர முடியாத நிலையில்தான் சொந்த வண்டியை எடுக்க வேண்டும். பாம்பு கடித்தவர் தாமே வண்டி ஓட்டக் கூடாது.

புயல் எச்சரிக்கை வந்ததும்

வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை பெரும்பாலும் இரண்டு, மூன்று நாட்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. 24 யூனிட் பேட்டரியை அடியிலிருந்து முழுமையாக நிரப்ப 9 மணி நேரம் போதும். எனவே, எச்சரிக்கை வந்த அன்றே கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும்.

1. வழக்கமாக 80 சதவீதம் வரை சார்ஜ் செய்பவர்கள், இந்தச் சமயத்தில் 100 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். ஸ்கூட்டர், கைபேசி, டார்ச் லைட், பேட்டரித் தெளிப்பான் ஆகியவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும்.

2. தென்னை, புளிய மரங்களின் அடியிலும், மின்கம்பத்தின் அருகிலும், கூரைச் சாய்ப்பின் கீழும் வண்டியை நிறுத்தக் கூடாது. கஜா புயலில் சாய்ந்த தென்னைகள் நல்ல பாடம்.

3. தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்.

4. சார்ஜர் வயரைச் சுவரிலிருந்து கழற்றி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் திரும்ப வரும்போது முதலில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். எனவே கால் மணி நேரம் பொறுத்த பிறகே சார்ஜரை மாட்ட வேண்டும்.

வண்டியிலிருந்து வீட்டுக்கு வெளிச்சம்

சில மின்சாரக் கார்களில், வண்டியின் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாதனங்களை இயக்கும் வசதி உள்ளது. இந்த வசதி எல்லா வண்டிகளிலும் இல்லை. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்தை 6 மணி நேரமும், மின்விசிறிகள் இரண்டை 8 மணி நேரமும் இயக்கி, நான்கு கைபேசிகளைச் சார்ஜ் செய்யச் சுமார் ஒன்றரை யூனிட் போதும். மேலே கண்ட குடும்பம் 12 யூனிட்டை விதைநெல்லாக ஒதுக்கிய பிறகும் 12 யூனிட் மிஞ்சும். அதில் 6 யூனிட்டைக் கொண்டு 4 நாட்களுக்கு வீட்டில் வெளிச்சம் பெறலாம். மீதி 6 யூனிட்டில் 40 கி.மீ. ஓட்டலாம். பெட்ரோல் காரால் இந்த உதவியைச் செய்ய இயலாது.

ஆனால், 5 குதிரைத்திறன் மும்முனைப் பம்புசெட்டை இதில் இயக்க முடியாது. சிறிய ஒருமுனை மோட்டார்கள்கூட ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், வண்டி தானாகவே மின்சாரத்தை நிறுத்திவிடலாம். வண்டியிலிருந்து வரும் வயரை வீட்டு மெயின் போர்டில் எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது. அந்த மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, பழுது பார்க்கும் மின் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். சாதனங்களை நேரடியாக வண்டியின் பிளக்கிலேயே இணைக்க வேண்டும்.

கரண்ட் வராத நாட்களில் சார்ஜ் செய்யும் வழிகள்

கல்யாண மண்டபம், மைக் செட் கடை, அரிசி ஆலை போன்ற இடங்களில் டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் கிடைக்கும். அதாவது, ஒரு லிட்டருக்குக் கார் 20 கி.மீ. ஓடும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் 4 மணி நேரம் சார்ஜ் செய்தால் விதைநெல் இருப்பை மீட்டுவிடலாம். ஜெனரேட்டருக்குச் சரியான எர்த் இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலை செய்யாது. இதை முன்கூட்டியே ஒரு முறை சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டு இன்வெர்ட்டர் காருக்கு உதவாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் மொத்தம் இருப்பதே 1.8 யூனிட்தான்.

கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோவாட் தகடு வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே 3 கிலோவாட் தகடு ஒரு காருக்கு ஏராளம். ஆனால், மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைந்த சாதாரண அமைப்பு, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். மின் ஊழியர்களின் பாதுகாப்புக்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. கரண்ட் இல்லாதபோதும் வெயிலைப் பயன்படுத்த விரும்புபவர்கள், பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டராகக் கேட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும். சூரியப் பம்புசெட்டின் தகட்டு வயரைக் கார் சார்ஜரில் நேரடியாக இணைப்பது ஆபத்தானது.

பெட்ரோல் பங்கும் மின்சாரத்தால் இயங்குவதுதான் என்பதை மறக்கலாகாது. ஜெனரேட்டர் இல்லாத பங்கில் டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் எடுக்க முடியாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கம், கடல்கோளுக்குப் பின் அங்கு பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல ஊர்களில் பெட்ரோலுக்கு முன்பாகவே மின்சாரம் திரும்பியதால், மின்சாரக் கார்கள் நிவாரணப் பணிக்குப் பயன்பட்டன. இருப்பினும், கஜாவின்போது டெல்டாக் கிராமங்களில் மின்கம்பங்களே சாய்ந்துவிட்டதால், மின்சாரம்தான் தாமதமாக வந்தது. ஜப்பானின் அனுபவத்தை அப்படியே நம்பி இருந்துவிடக் கூடாது.

வெள்ளத்தில் கவனம்

காரின் பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி மூடப்பட்டிருப்பது உண்மையே. அதனால் மழையில் ஓட்டுவதிலும், சாலையில் தேங்கும் சிறிதளவு நீரைக் கடப்பதிலும் அச்சம் வேண்டாம். ஆனால், வெள்ளத்தில் இறங்கவும், மணிக்கணக்கில் நீரில் மூழ்கி நிற்கவும் அது செய்யப்பட்டதன்று. குறிப்பாகக் கடல் நீர் மிகவும் கெடுதலானது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை இயான் புயல் தாக்கியபோது, உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்து நாட்கள் சென்ற பிறகு தீப்பிடித்தன. வேதாரண்யம், கோடியக்கரை போன்ற கடலோரப் பகுதி விவசாயிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவோ, சார்ஜ் போடவோ கூடாது. வீடு, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வைத்துவிட்டு, சர்வீஸ் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியை டிராக்டரில் கட்டிச் சாலையில் நெடுந்தூரம் இழுத்துச் செல்வதும் தவறு. சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்; பாகங்கள் பழுதாகும். வண்டியை லாரியின் மேல் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும்.

வெளியூர்ப் பயணம்

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 340 கி.மீ. 24 யூனிட் காரில் முழு சார்ஜுடன் கிளம்பி, 20 சதவீதம் மிச்சம் வைத்து ஓட்டினால் 135 கி.மீ. போகலாம். வேகச் சார்ஜ் நிலையத்தில் சுமார் ஒரு மணி நேரம் நிறுத்தி 80 சதவீதம் வரை ஏற்றினால் மேலும் 100 கி.மீ. ஓட்டலாம். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடுமாதலால் அங்கு காத்திருப்பது வீண். இந்தக் கணக்கில் வழியில் இரண்டு முறையாவது நிறுத்த வேண்டும். சேரும் இடத்தில் சார்ஜ் வசதி இல்லையெனில் மூன்று முறை நிறுத்த வேண்டியிருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை செல்பவர்களுக்கு இந்தத் தாமதம் பெரிதன்று. பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடவும் செய்யலாம். ஆனால், வாரந்தோறும் தொலைதூரச் சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவர்களுக்குச் சிறிய மின்சார வண்டி ஏற்றதன்று. நெடுந்தூரப் பயணத்தில் ஒரு நிலையத்தை மட்டும் நம்பாமல், அதற்கு அடுத்த நிலையம் வரை செல்லும் அளவுக்குச் சார்ஜ் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அங்கும் மின்தடையோ பழுதோ ஏற்படக் கூடும்.

வயரிங்கும் மீட்டரும்

சார்ஜ் செய்யும் 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, நல்ல எர்த், கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம் ஆகியவை அவசியம். எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் செய்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து, தேவையானால் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பிலிருந்து வண்டியைச் சார்ஜ் செய்யக் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின் கீழ் அது அனுமதியற்ற உபயோகமாகும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அபராதம் கட்ட நேரிடும்.

யாருக்கு ஏற்றது?

தினசரி ஓட்டம் 60 கி.மீ.க்குள் இருப்பவர்கள், சொந்த வீட்டில் பிளக் வசதி உள்ளவர்கள், தண்ணீர் ஏறாத இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடியவர்கள் ஆகியோருக்கு மின்சாரக் கார் ஏற்றது. உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்பவர்களுக்குக் காரைவிட லோடு ஆட்டோவே பயன் தரும். சிறு விவசாயிகள் பலருக்கு முதலில் ஒரு ஸ்கூட்டர் வாங்கி ஓராண்டு பழகுவது சாலச் சிறந்தது. தொகையும் குறைவு, சார்ஜ் போடும் பழக்கமும் வந்துவிடும்.

கடலோரத்திலும் தாழ்வான பகுதியிலும் வசிப்பவர்கள், வீட்டில் இருக்கும் ஒரே பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்க அவசரப்படக் கூடாது. அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்து வசிக்கும் குடும்பங்களில், ஒருவரிடம் பெட்ரோல் வண்டியும் மற்றவரிடம் மின்சார வண்டியும் இருந்தால் எந்த இடரிலும் ஒன்று கைகொடுக்கும்.

பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு இனி விடை கூறலாம். நடு இரவில், கரண்ட் இல்லாத வேளையிலும் மின்சார வண்டி நகரும். அன்று மாலை அதில் விதைநெல் இருப்பு இருந்திருந்தால். மாடு கன்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் படுப்பது போல, வண்டியின் சார்ஜையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்கும் வழக்கத்தைக் குடும்பத்தில் அனைவரும் கடைப்பிடித்தால், இந்த வண்டியால் விவசாயிகள் நல்ல பயன் பெறலாம்.